இரண்டு மூன்று லாரி ஓட்டும் குடும்பங்களுக்கு: டிரைவர் சம்பளமும் வரியும் சிக்கலாகாமல் இருக்க

எங்கள் குடும்பத்தில் மூன்று லாரி. அப்பா இருபது வருடம் பாக்கெட் டைரியிலும் மனக்கணக்கிலும் நடத்தினார். நான் பொறுப்பெடுத்த இரண்டாவது வருடம், கிருஷ்ணகிரி தாண்டி ஒரு விபத்தில் எங்கள் டிரைவருக்குக் கால் முறிந்தது. இழப்பீட்டுக்கு விண்ணப்பித்தபோது இன்சூரன்ஸ்காரர்கள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: அவருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, ஆதாரம் எங்கே? எங்களிடம் இருந்தது டைரி. ஒரே பக்கத்தில் டீசல், படி (பேட்டா), டயர், அவர் மகளின் பள்ளிக் கட்டணத்துக்குக் கொடுத்த ஐயாயிரம், எல்லாம் கலந்து கிடந்தன. சம்பளம் என்று தனியாக ஒரு வரி இல்லை. நான்கு வருடம் எங்களுக்காக வண்டி ஓட்டியவருக்கு, அவருடைய சம்பளம் இன்னதென்று எங்களால் நிரூபிக்க முடியவில்லை. பணம் கைக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

சிறு லாரி உரிமையாளர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. "நமக்குத்தான் வருமான வரியில் வண்டிக்கு இவ்வளவு என்று போட்டுவிடுகிறார்களே, கணக்கு எதற்கு?" என்பார்கள். வரிக்குக் கணக்குப் புத்தகம் வேண்டாம் என்பது உண்மை. டிரைவருக்குக் கணக்கு வேண்டாம் என்று அதற்கு அர்த்தமில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்ததுதான் நாங்கள் செய்த தவறு.

முன்கூட்டியே ஒன்று: 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டதால் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. ஆனால் ஆடிட்டர்கள் முதல் டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் வரை எல்லோர் வாயிலும் இன்னும் பழைய எண்களே இருப்பதால் நானும் அவற்றையே எழுதுகிறேன்.

1. வண்டி யார் பெயரில், வாடகை யார் கணக்கில்?

ஆர்.சி. (வண்டிப் பதிவுச் சான்று), இன்சூரன்ஸ், வாடகை வரும் வங்கிக் கணக்கு, லோடு தரும் கம்பெனிக்குக் கொடுக்கும் பான் எண், இந்த நான்கும் ஒரே ஆள் பெயரில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு வண்டி அம்மா பெயரில் இருந்தது. அதன் வாடகையும் அப்பா கணக்கிலேயே விழுந்தது. கம்பெனிகள் யாருடைய பானுக்குப் பணம் கொடுத்ததாகக் காட்டுகின்றனவோ, அவருடைய பெயரில்தான் வருமான வரித்துறையின் ஆண்டு தகவல் அறிக்கையில் அது பதிவாகும். அப்பாவின் ரிட்டர்னில் இரண்டு வண்டி, வரவிலோ மூன்று வண்டியின் பணம். நோட்டீஸ் வந்தது.

வழி எளிது. வண்டி யாருடையதோ அவர் பெயரில் ஒரு கணக்கு திறந்து, அந்த வண்டியின் வாடகை முழுவதையும் அதில் வாங்குங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வரியைக் குறைக்க மனைவி பெயரில் வண்டி எடுக்கச் சொல்லிப் பலர் யோசனை சொல்வார்கள். கணவர் தன் பணத்தைக் கொடுத்து மனைவி பெயரில் வாங்கினால், அந்த வருமானம் கணவரின் வருமானத்தோடுதான் சேர்க்கப்படும். மனைவி தன் சேமிப்பிலோ தன் பெயரில் வாங்கிய கடனிலோ வாங்கி, தவணையும் தானே கட்டினால் விஷயம் வேறு.

அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தினால், ஒன்று அவரவர் வண்டி அவரவருக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கூட்டு நிறுவனப் பத்திரம் எழுதி, அதற்குத் தனி பான் வாங்கி, ஆர்.சி.யையும் நிறுவனத்தின் பெயருக்கு மாற்றுங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் ஆபத்து.

2. டிரைவர் சேரும் நாளில் வாங்க வேண்டியவை

டிரைவிங் லைசென்ஸ் நகல், ஆதார், பான் இருந்தால் அது, வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், இரண்டு புகைப்படம், வீட்டில் ஒருவரின் போன் எண். லைசென்ஸை நகலோடு விட்டுவிடாமல் அரசின் பரிவாஹன் தளத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். கனரக வாகனத்துக்கு அனுமதி இருக்கிறதா, எந்தத் தேதி வரை செல்லும் என்று தெரியும். போக்குவரத்து வாகன லைசென்ஸ் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. காஸ், பெட்ரோல், அமிலம் போன்ற அபாயகரமான சரக்கு ஏற்றினால் அதற்குத் தனிப் பதிவு வேண்டும். லைசென்ஸ் காலாவதியான நாளில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பிடிப்பது அதைத்தான். காலாவதி தேதிக்கு இரண்டு மாதம் முன்பே போனில் அலாரம் வைத்துவிடுங்கள்.

ஒரிஜினல் லைசென்ஸை வாங்கிப் பீரோவில் வைத்துக்கொள்ளும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. வேண்டாம். அது அவருடைய பிழைப்பு.

அப்புறம், ஒரு பக்க நியமனக் கடிதம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் நியமனக் கடிதம் கொடுப்பது உரிமையாளரின் கடமையாக இருக்கிறது; ஆள் குறைவாக இருந்தாலும் கொடுத்துவிடுங்கள். பெரிய மொழியெல்லாம் தேவையில்லை. சேர்ந்த தேதி, மாதச் சம்பளம், படி எப்படிக் கணக்கிடப்படும், சம்பளம் எந்தத் தேதிக்குள் போடப்படும், விபத்தோ அபராதமோ வந்தால் யார் பொறுப்பு. இரண்டு பிரதி, இருவர் கையெழுத்து. எங்கள் பழைய டிரைவர் அண்ணன் ஒருவர் இதைப் பார்த்து முதலில் சங்கடப்பட்டார், "தம்பி, என் மேல நம்பிக்கை இல்லையா?" என்றார். இது உங்களுக்கான பாதுகாப்பு என்று விபத்துக் கதையைச் சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட்டார். நீங்களும் அப்படி உட்கார்ந்து பேசிவிட்டுக் கொடுங்கள்.

3. சம்பளம், படி, வழிச்செலவு: மூன்று தனிக் கணக்கு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

லைனுக்கு (லோடோடு வெளியூருக்கு) கிளம்பும்போது டிரைவர் கையில் ஒரு தொகை கொடுப்போம். உதாரணத்துக்கு 25,000 ரூபாய். அதிலிருந்தே டீசல், ஏத்துக்கூலி, எடைமேடை, பஞ்சர், அவர் சாப்பாடு எல்லாம் போகும். திரும்பி வரும்போது 3,200 மிச்சம். "சரி, சம்பளத்துல வெச்சுக்கோ" என்று சொல்லிவிடுவோம். அடுத்த நடையில் 1,800 பற்றாக்குறை, அவர் சொந்தப் பணத்தைப் போட்டிருப்பார். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்போம். ஆறு மாதம் இப்படிப் போனால், யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பது இருவருக்குமே தெரியாது. சண்டை வருவது பெரும்பாலும் ஏமாற்றுவதால் இல்லை. இருவர் ஞாபகமும் வேறு வேறாக இருப்பதால்தான்.

நாங்கள் இப்போது செய்வது இதுதான்.

சம்பளம்: மாதம் ஒரே தொகை, வங்கிக் கணக்குக்கு மட்டும். ஊதியச் சட்டத் தொகுப்பின்படி அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் போட்டுவிட வேண்டும். நாங்கள் 5ஆம் தேதி போடுகிறோம். விபத்து, வீட்டுக் கடன், பிள்ளைகளின் கல்விக் கடன், எதற்கும் அவருக்கு ஆதாரம் அந்த வங்கி வரவுதான்.

படி: நாளுக்கு இவ்வளவு அல்லது நடைக்கு இவ்வளவு. இதையும் யு.பி.ஐ.யில் அனுப்பி, குறிப்பில் "படி" என்றும் நடை எண்ணையும் எழுதுகிறோம். லோடு இறக்கக் காத்திருக்கும் நாட்களுக்குக் கம்பெனியிடமிருந்து ஹால்டிங் (காத்திருப்புப் பணம்) வாங்கினால், அதில் டிரைவருக்கு எவ்வளவு என்பதை முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

வழிச்செலவு: இது டிரைவரின் பணமே அல்ல. சுங்கம் ஃபாஸ்டேகில் போய்விடும், அதன் மாத அறிக்கையே கணக்கு. டீசலை முடிந்தவரை எரிபொருள் கார்டிலோ பங்கின் கியூ.ஆர். வழியாக நீங்களேவோ கட்டிவிடலாம். கையில் கொடுக்கும் ரொக்கம் கூலி, பஞ்சர் போன்ற சில்லறைச் செலவுக்கு மட்டும். நடை முடிந்ததும் மிச்சத்தைத் திரும்ப வாங்குங்கள், பற்றாக்குறை இருந்தால் அன்றே கொடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் அதைச் சம்பளத்தோடு சேர்க்காதீர்கள்.

ஒவ்வொரு நடைக்கும் ஒரு டிரிப் ஷீட் போதும். கிளம்பிய தேதி, சேர்ந்த தேதி, எங்கிருந்து எங்கே, கிளம்பிய கிலோமீட்டர், முடிந்த கிலோமீட்டர், வாடகை, கம்பெனி கொடுத்த அட்வான்ஸ், பாக்கி, டீசல் லிட்டர், ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, இதர செலவு, படி, கடைசியில் டிரைவர் கையெழுத்து. ரசீது கிடைக்காத செலவை அவர் சொல்லும்போதே எழுதிவிடுங்கள். போனில் படமெடுத்து வைத்துக்கொண்டால் காகிதம் தொலைந்தாலும் கவலையில்லை.

பெரிய பொறி இதில்தான் இருக்கிறது. சம்பளத்தைக் குறைவாகவும் படியை அதிகமாகவும் காட்டினால் நல்லது என்று சிலர் சொல்வார்கள். விபத்து இழப்பீடு கணக்கிடும்போது எடுத்துக்கொள்வது சம்பளத்தை. வேலையின் தன்மையால் ஆகும் செலவுக்குக் கொடுக்கும் பணமும் பயணப்படியும் பொதுவாக அதில் சேராது. காகிதத்தில் சம்பளம் 6,000 என்று இருந்தால் அந்தக் குடும்பத்துக்குக் கிடைப்பதும் அதற்கேற்றபடிதான். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில், இப்படி விலக்கப்படும் படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டும் பகுதி சம்பளமாகவே கணக்கில் வரும். குறைந்தபட்ச ஊதியமும் பார்க்கப்படும். ஆகவே உண்மைச் சம்பளத்தையே எழுதுங்கள்.

வாடகையில் சதவீதம் என்று பேசி ஓட்டவைப்பவர்களும் உண்டு. அப்படியானால் அவர் காண்ட்ராக்டர், தொழிலாளி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வண்டி உங்களுடையது, டீசல் உங்களுடையது, எந்த லோடு என்று சொல்வதும் நீங்கள். விபத்து என்று வந்தால் அவர் உங்கள் தொழிலாளியாகவே பார்க்கப்படுவார். சதவீத முறையிலும் மாதம் ஒரு குறைந்தபட்சத் தொகையை வங்கியில் போட்டுவிட்டு, மீதியை மாதக் கடைசியில் கணக்குப் பார்த்துக் கொடுப்பது நல்லது.

4. அட்வான்ஸும் பிடித்தமும்

டிரைவர் வேறு வண்டிக்குப் போய்விடாமல் இருக்கப் பெரிய அட்வான்ஸ் கொடுத்து வைப்பது நம் பக்கத்து வழக்கம். கொடுப்பதில் தவறில்லை. கொடுத்த தேதி, தொகை, மாதம் எவ்வளவு பிடிப்போம் என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஒரு மாதத்தின் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். பாதியைப் பிடித்தால் எந்தக் குடும்பமும் தாங்காது. ஆறில் ஒரு பங்குக்கு மேல் நாங்கள் பிடிப்பதில்லை.

சரக்கு குறைந்தாலோ சேதமானாலோ, டிரைவரிடம் விளக்கம் கேட்காமல் பிடிக்கக் கூடாது. பார்ட்டி (சரக்குக்காரர்) சொல்லும் ஷார்ட்டேஜ் தொகையை அப்படியே டிரைவர் தலையில் போடுவதை நான் பல ஆபீஸ்களில் பார்த்திருக்கிறேன். ஏற்றிய இடத்து எடைச் சீட்டையும் இறக்கிய இடத்து எடைச் சீட்டையும் முதலில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஓவர்லோடு அபராதம் 20,000 ரூபாய், அதோடு கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. லோடு பேசியது நீங்கள் என்றால் இது உங்கள் செலவு. சிக்னல் மீறல், போன் பேசிக்கொண்டு ஓட்டுவது போன்றவை டிரைவர் பொறுப்பு. இ-செலான் பெரும்பாலும் ஆர்.சி. உரிமையாளரின் பெயருக்குத்தான் வரும் என்பதால் மாதம் ஒருமுறை வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்து, உடனே பேசி முடித்துவிடுங்கள்.

5. டிரைவர் பக்கத்தில் பிடிக்க வேண்டியது, சேர்க்க வேண்டியது

வருமான வரி: புதிய வரி முறையில் ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை வரி வராது. ஆகவே டிரைவர் சம்பளத்தில் டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) பிடிக்கும் தேவை பொதுவாக இல்லை.

தொழில்வரி: தமிழ்நாட்டில் இது உள்ளாட்சிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அரையாண்டு வருமானம் 21,000 வரை இல்லை. 75,000க்கு மேல் போனால் அரையாண்டுக்கு 1,250 ரூபாய். சம்பளத்தில் பிடித்துக் கட்டுவது உங்கள் பொறுப்பு.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பத்து பேர் ஆனதும், பி.எஃப். (சேமநல நிதி) இருபது பேர் ஆனதும் கட்டாயமாகும். கிளீனரையும் ஆபீஸில் கணக்கெழுதும் ஆளையும் எண்ணிக்கையில் சேர்த்துப் பாருங்கள்.

அந்த எண்ணிக்கைக்குள் வராத நம்மைப் போன்றவர்களின் டிரைவர்களுக்கு எதுவுமே இல்லாமல் போய்விடக் கூடாது. இரண்டு காரியம் செய்யலாம், இரண்டுக்கும் பெரிய செலவில்லை. ஒன்று, அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவு. ஆதாரும் வங்கிக் கணக்கும் ஆதாரோடு இணைந்த போன் எண்ணும் போதும், கட்டணமில்லை. இன்னொன்று, தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கென்று இருக்கும் நல வாரியம். பிள்ளைகளின் கல்வி உதவி, திருமண உதவி, விபத்து மரண உதவி, அறுபது வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் என்று பல உண்டு. பதிவு செய்தவர் பலர் புதுப்பிக்க மறந்துவிடுகிறார்கள். லைசென்ஸ் தேதியோடு சேர்த்து இதையும் குறித்துவையுங்கள்.

வண்டி இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது, சம்பள டிரைவருக்கும் கிளீனருக்கும் உரிய சட்டப் பொறுப்புக்கான கூடுதல் பிரீமியம் பாலிசியில் இருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். ஆளுக்கு 50 ரூபாய் அளவில்தான் வரும். மொத்தப் பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட ஏஜென்ட் இதை விட்டுவிடும் வாய்ப்பு உண்டு. டிரைவர், கிளீனர் என்று எத்தனை பேர் வண்டியில் போகிறார்களோ அத்தனை பேருக்கும் இருக்க வேண்டும்.

6. உங்கள் வருமான வரி: 44ஏஇ

வருடத்தில் எந்த நாளிலும் பத்து சரக்கு வண்டிகளுக்கு மேல் சொந்தமாக இல்லாதவர்களுக்கு இந்தப் பிரிவு. மொத்த எடை 12,000 கிலோவுக்கு மேல் உள்ள வண்டிக்கு, டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று எடுத்துக்கொள்வார்கள். அதற்குக் குறைந்த வண்டிக்கு மாதம் 7,500. அதற்கு மேல் சம்பாதித்ததாக நீங்களே காட்டினால் அந்தத் தொகை.

ஆர்.சி.யில் 25,000 கிலோ என்று உள்ள பத்துச் சக்கர லாரிக்கு மாதம் 25,000, வருடம் 3 லட்சம். மூன்று லாரிக்கு 9 லட்சம். வேறு வருமானம் இல்லாத தனிநபருக்குப் புதிய முறையில் வரி எதுவும் வராது, ஆனால் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். அடுத்த வண்டிக்குக் கடன் கேட்டுப் போனால் வங்கி முதலில் கேட்பதும் அதைத்தான்.

இதில் தடுக்கி விழும் இடங்கள் சில.

வண்டி ஓடாத மாதமும் கணக்கில் வரும். பட்டறையில் இரண்டு மாதம் நின்றாலும் அது உங்கள் பெயரில் இருக்கும் வரை அந்த மாதத்துக்கும் டன் கணக்குத்தான். மாதக் கடைசி நாளில் வாங்கினால்கூட அது ஒரு மாதம். தவணையில் ஓடும் வண்டியும் உங்கள் வண்டியே.

டிரைவர் சம்பளம், டீசல், வட்டி, தேய்மானம் எதையும் இதிலிருந்து மறுபடி கழிக்க முடியாது. எல்லாம் கழித்ததாகவே அர்த்தம். கூட்டு நிறுவனமாக இருந்தால் மட்டும் பங்குதாரர் சம்பளமும் வட்டியும் வரம்புக்குள் கழியும்.

தேய்மானமும் கழித்ததாகவே கருதப்படுவதால், வண்டியின் மதிப்பு வருடா வருடம் காகிதத்தில் இறங்கிக்கொண்டே போகும். எட்டு வருடம் கழித்து நல்ல விலைக்கு விற்றால், காகித மதிப்புக்கு மேல் கிடைப்பது வரிக்குரிய லாபமாக மாறலாம். விற்பதற்கு முன் ஆடிட்டரைப் பாருங்கள், விற்ற பிறகு அல்ல.

உண்மையிலேயே நஷ்டம் என்று இதைவிடக் குறைவாகக் காட்ட வேண்டுமானால், முழுக் கணக்குப் புத்தகமும் தணிக்கையும் தேவை.

முன்கூட்டிய வரி: ஆண்டு வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வருமானால், ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 என்று நான்கு தவணையில் கட்ட வேண்டும். மார்ச்சில் ஒரே தவணையாகக் கட்டும் சலுகை கடைக்காரர்களுக்கான 44ஏடி பிரிவுக்கும் டாக்டர், வக்கீல் போன்றவர்களுக்கான 44ஏடிஏ பிரிவுக்கும் மட்டும் உரியது, லாரிக்கு இல்லை. நாங்கள் இதை மாற்றிப் புரிந்துகொண்டு ஒரு வருடம் வட்டி கட்டினோம்.

7. கம்பெனி பிடிக்கும் வரி: 194சி

பத்து வண்டிக்கு மேல் இல்லை என்று எழுத்தில் உறுதி கொடுத்து, பான் எண்ணும் கொடுத்தால், கம்பெனி உங்கள் வாடகையில் டி.டி.எஸ். பிடிக்க வேண்டியதில்லை. கொடுக்காவிட்டால் தனிநபருக்கு 1 சதவீதம், கூட்டு நிறுவனத்துக்கு 2 சதவீதம். பானே கொடுக்காவிட்டால் 20 சதவீதம். சிறிய லாபத்தில் ஓடும் தொழிலில் இது பெரிய அடி. ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வாங்க முடியும், அதுவரை பணம் முடங்கிவிடும்.

ஒவ்வொரு ஏப்ரலிலும் முதல் லோடுக்கு முன்பே, நீங்கள் ஓட்டும் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனியாகக் கடிதம் கொடுங்கள். வண்டி எண்களும் ஆர்.சி. நகல்களும் இணைத்து, வாங்கியதற்குக் கையெழுத்தோ மின்னஞ்சல் பதிலோ பெற்றுக்கொள்ளுங்கள். புரோக்கர் மூலமாக ஓட்டினால், பணம் யார் கணக்கிலிருந்து வருகிறதோ அவருக்குக் கொடுக்க வேண்டும்.

வாடகையை ரொக்கமாக வாங்குவதாக இருந்தால் ஒரே நாளில் ஒரே ஆளிடம் 2 லட்சத்தைத் தொடக் கூடாது. தொட்டால் அபராதம் அதே அளவுக்குப் போகும்.

8. ஜி.எஸ்.டி.: எல்.ஆர். புத்தகம் அச்சடிக்கும் முன்

சொந்த வண்டியை டிரான்ஸ்போர்ட் ஏஜென்சிக்கு வாடகைக்கு ஓட்டினால் ஜி.எஸ்.டி. இல்லை. உங்கள் பெயரில் எல்.ஆர். (சரக்கை ஏற்றுக்கொண்டதற்கான லாரி ரசீது) அடித்துப் பார்ட்டிக்குக் கொடுக்கத் தொடங்கும் நாளில் நீங்களே ஏஜென்சி ஆகிவிடுகிறீர்கள். அப்போது பெரும்பாலும் சரக்கு அனுப்பும் கம்பெனியே 5 சதவீதத்தை நேரடியாகக் கட்டும். நீங்களே வரி போட விரும்பினால் பதிவு செய்து 5 அல்லது 18 சதவீதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், உள்ளீட்டு வரியை (நீங்கள் வாங்கும் பொருளுக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை) கழிக்க முடிவது 18இல் மட்டும். தெரிந்தவர் அடித்தார் என்று நீங்களும் புத்தகம் அடித்துவிடாதீர்கள்.

9. டிரைவர் விலகும் நாள்

விலகிய இரண்டு வேலை நாட்களுக்குள் முழுக் கணக்கையும் முடித்துப் பணம் கொடுக்க வேண்டும் என்று இப்போது சட்டம் சொல்கிறது. நடைக்கு நடை கணக்கை முடித்து வந்திருந்தால் இது அரை மணி நேர வேலை. ஒரு தாளை எடுத்து, அந்த மாதம் வேலை செய்த நாட்களின் சம்பளம், தர வேண்டிய படி, கடைசி நடையின் மிச்சமோ பற்றாக்குறையோ, அட்வான்ஸ் பாக்கி என்று நான்கு வரி எழுதுங்கள். வண்டியின் ஜாக்கி, தார்பாய், கயிறு, ஆர்.சி. நகல், எரிபொருள் கார்டு திரும்பி வந்ததைக் கீழே குறியுங்கள். பணத்தை வங்கியில் போட்டு, அந்தப் பரிவர்த்தனை எண்ணையும் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் பாக்கி பெரிதாக இருந்தால் சம்பளத்தை நிறுத்திவைக்காமல், அதற்குத் தனியாகத் தேதி போட்டு எழுதி வாங்குங்கள். அவர் கேட்டால், எத்தனை வருடம் ஓட்டினார், எந்த வண்டி, என்ன சம்பளம் என்று ஒரு அனுபவச் சான்றும் கொடுத்து அனுப்புங்கள்.